யகரம் முதல் ளகரம் வரை

இவ்வாண்டு மலரின் இப்பக்கங்களில் வெளிவருதற்கு உரியதாய் இருந்தது வேறொரு கட்டுரை. 'திருக்குறளில் இடையின மெய்யீறு' என்பது அதன் தலைப்பு. மலர்க்குழுவினர் அதனை அன்புடன் ஏற்றுக்கொண்டனர். அச்சுக்கு அனுப்பும் கட்டிலும் சேர்த்துவிட்டனர். பின்னர் யாமே நேரிற் சென்று அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். காரணம் வினவிய நண்பர்களுக்குத் தலைவலி என்றும், தேர்வு நெருங்கிற்று என்றும் நாளுக்கொரு விடை கூறி வந்தோம். உண்மையான விடையை இன்று எழுத முற்படுகின்றோம்.

அவ்விடை கணிப்பொறியைப் பற்றியது. தமிழ்ப் பகுதியைப் புரட்டும் அன்பர் இதனைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டா. கணிப்பொறிக்குச் சூத்திரம் இயற்றுங்கால் நேரும் இலக்கணப் பிழைகளைக் குறித்தே சொல்லப் போகின்றோம்; இலக்கணம் நமக்குப் புறம்பான பொருளன்று.

சென்ற பருவத்தில் எம் வகுப்பினர் ஒவ்வொருவரும் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தினின்று ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அதனை ஏதேனும் ஒரு நூலோடு பொருத்திக் கட்டுரை படிக்கவேண்டும் என்று பேராசிரியை அம்மையார் பணித்தார். சொல்லின் இறுதியில் நிற்றற்குரிய மெய்கள் 11 என்பது தொல்காப்பியர் கொள்கை. ஞ, ண, ந, ம, ன, ய, ர, ல, வ, ழ, ள என்பன அவை. இவற்றுள் இடையினம் ஆறும் அடங்கிவிடுகின்றன. அவ்வாறும் திருக்குறட் சீர்களின் ஈற்றில் எவ்வெவ்வளவு பயில்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதை எம் பங்காகக் கொண்டோம். குறள் 1330, குறள் ஒன்றுக்குச் சீர் 7, ஆகச் சீர் 9310. முதல் இரண்டு மாலையும் தாளும் பென்சிலுமாக அமர்ந்தோம். பாயிரத்தின் 4 அதிகாரங்களைக் கடப்பதற்குள் கண் பூத்துவிட்டது. ஒரே அதிகாரத்தை இருமுறை எண்ணினால் இருவேறு தொகை வந்தது.

விடுதியில் எமக்கு அடுத்த அறையில் கணிப்பொறி அறிவியலில் எம்.எஸ்ஸி. பயிலும் அண்ணன் ஒருவர் இருக்கின்றார். அவர் எம் பென்சிற் கோடுகளைக் கண்டு நகைத்து, "தம்பி, இதற்கா இத்துணைப் பாடு? பைத்தானில் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதினால் கண்ணிமைக்கும் நேரத்தில் எண்ணித் தந்துவிடுமே" என்றார். எமக்கு வினை தொடங்கியது அன்றுதான்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பதனை அவர்கள் ரெஜெக்ஸ் என்று சுருக்கி வழங்குவர். அஃது ஒரு சொல்லைத் தேடும் கருவியன்று. சொல்லின் வடிவத்தைத் தேடும் கருவி. 'மழை' என்னுஞ் சொல் எங்கே இருக்கின்றது என்று கேட்பது எளிய வினா. 'இடையின மெய்யாகிய எழுத்து ஒன்று, அதன்மேற் புள்ளி, அதனையடுத்து இடைவெளியேனும் வரிமுடிவேனும்' என்று ஒரு வடிவத்தை வரையறுத்து, அவ்வடிவம் வருமிடமெல்லாம் காட்டுக என்று ஏவுவது ரெஜெக்ஸின் தொழில். இவ்வளவையும் பத்துப் பன்னிரண்டு குறிகளுக்குள் அடக்கிவிடலாம். விரிந்த பொருளை இத்துணைச் சுருக்கமாக அடக்குவதைச் சூத்திரம் என்று சொல்லியே பழகியவர் யாம். ஆதலின் இக்கட்டுரையிலும் சூத்திரம் என்றே சொல்லுவோம்.

இதன் வரலாறு சுவையுடையது. நரம்பணுக்களின் வலைப்பின்னல் எவ்வகை நிகழ்ச்சிகளை அடையாளங் காணவல்லது என்று ஆராய்ந்த அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீவன் கிளீனி என்பவர், அதன்பொருட்டு அமைத்த குறியீட்டை 1951இல் எழுதி 1956இல் அச்சில் வெளியிட்டார். ஒன்று பன்முறை மீண்டுவருதலைக் குறிக்கும் உடுக்குறி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. கென் தாம்சன் 1968இல் அக்குறியீட்டைக் கொண்டு எழுத்துக்களிடையே தேடும் முறையினை வெளியிட்டார். நரம்பைப் பற்றிய கணக்கு நூலைத் தேடும் கருவியாயிற்று. பின்னர் 1987இல் பெர்ல் என்னும் மொழியை ஆக்கி இச்சூத்திரங்களை எங்கும் பரவச் செய்த லாரி வால், மொழியியல் பயின்றவர்; எழுத்தில்லாத மொழியொன்றுக்கு எழுத்தமைத்து அதில் வேதாகமத்தை மொழிபெயர்க்க எண்ணியிருந்து, உடல்நலங் கருதி அதனைக் கைவிட்டவர். மொழியியல் பயின்ற ஒருவர் இத்துறையில் நம்மை முந்திச் சென்றிருக்கின்றார் என்றறிந்தபோது எமக்குச் சிறிது துணிவு பிறந்தது. அத்துணிவு அளவுக்கு மிஞ்சியது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

முதல் மாலை முழுதும் பொறி எம்மைக் கடிந்துகொண்டே இருந்தது. எம்மிடம் இருந்த குறட்பாடத்தில் பாடவேறுபாடுகள் வளைவடைப்புக்குள் இடப்பட்டிருந்தன. முதலில் அவற்றைத் தேடி நீக்க எண்ணித் திறக்கும் வளைவடைப்பு ஒன்றை மட்டும் எழுதினோம். 'மூடும் அடைப்பைக் காணோம். 0ஆம் இடத்திற் திறந்த தொகுதி முடிவுறவில்லை' என்று விடை வந்தது. வளைவடைப்பு பொறிக்கு வெறும் எழுத்தன்று. உறுப்புக்களைத் தொகுக்கும் குறி. அதனை வெறும் எழுத்தாகக் கொள்ளவேண்டுமாயின் அதற்கு முன் பின்சாய்கோடு ஒன்று இடவேண்டும். முற்றுப்புள்ளி, வினாக்குறி, கூட்டற்குறி, உடுக்குறி, கூரைக்குறி, செங்குத்துக் கோடு என்பனவும் இத்தகையனவே. நமக்குப் புள்ளி என்றால் மெய். அவர்களுக்கு முற்றுப்புள்ளி என்றால், வரிமுடிவு ஒழிந்த எந்த எழுத்தும். இவ்வொன்றைப் பழகுவதற்கே ஒரு மணி நேரம் சென்றது.

அடுத்து உடுக்குறியைச் சூத்திரத்தின் தொடக்கத்தில் வைத்தோம். 'மீட்டற்கு ஒன்றுமில்லை' என்றது பொறி. உடுக்குறியும் கூட்டற்குறியும் தமக்கு முன் நிற்பதனை மீள வருவிப்பவை. முன்னே ஒன்றும் இல்லையாயின் எதனை வருவிப்பது? பகுதியின்றி விகுதி மட்டும் நின்றாற் போன்றது அது. இவ்வாறு எண்ணிப் பார்த்தபின் அப்பிழை எமக்கு மீண்டும் நேரவேயில்லை. பொறியின் பிழைச்செய்தி, படிப்பவனை ஏளனம் செய்வதற்கன்று. எந்த உறுப்பு எங்கே குறைகின்றது என்று சொல்லும் உரை அது. ஆயினும் அவ்வுரையை யாவரும் படிப்பதில்லை. சிவந்த வரி கண்டவுடன் எதையேனும் மாற்றி மீண்டும் ஓட்டிப் பார்ப்பதே வழக்கமாய் இருக்கின்றது. யாமும் அவ்வழக்கத்திற்கு விலக்கல்லோம்.

பின்சாய்கோட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சூத்திரத்தைப் படிப்பவர் இருவர். முதலில் பைத்தான் தன் நிரலில் உள்ள சரத்தைப் படிக்கின்றது. பின்னரே சூத்திரப்பொறி படிக்கின்றது. பின்சாய்கோடு இருவருக்குமே சிறப்புக் குறி. முதல் வாயில்காப்போன் அதனை வாங்கி வைத்துக்கொண்டால் இரண்டாமவனிடம் அது சென்று சேராது. ஆதலால் மேற்கோட்குறிக்கு முன் 'ஆர்' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தை இட்டு, 'இச்சரத்தை உள்ளவாறே விடுக' என்று பைத்தானுக்குச் சொல்லுதல் முறை. இதனை அறியாமல் பின்சாய்கோட்டை ஒன்றாகவும் இரண்டாகவும் நான்காகவும் பெருக்கிப் பார்ப்போர் உளர். அண்ணன் தாமும் முதலாண்டில் அவ்வாறு செய்ததுண்டு என்று கூறி எம் நாணத்தைத் தணித்தார்.

தமிழுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்றும் உண்டு. சதுர அடைப்புக்குள் மெய்களுக்குரிய எழுத்துக்களை வைத்து மூடி, அதன்பின் புள்ளியைத் தட்டினால், அப்புள்ளி தான் ஏறுதற்கு ஓர் எழுத்தின்றி அவ்வடைப்புக்குறியின்மேலேயே ஏறி அமர்ந்துவிடுகின்றது. அடைப்பு மூடப்பட்டதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருமுறை மூடாமலே விட்டு, 'எழுத்துத் தொகுதி முடிவுறவில்லை' என்று கேட்டோம். அப்புள்ளியை அதன் யூனிகோடு எண்ணால் எழுதுவதே நன்று என்று பின்னர் கற்றோம். அன்றியும் பொறி இடத்தைச் சுட்டும்போது 0 முதல் எண்ணுகின்றது; உயிர்மெய்யின் மெய்யையும் உயிர்க்குறியையும் இரண்டாக எண்ணுகின்றது; புள்ளியைத் தனியே எண்ணுகின்றது. 'இழவூழ்' என்பது நமக்கு நாலெழுத்து, பொறிக்கு ஆறு. அது சுட்டிய இடத்தை நம் கணக்கில் எண்ணிச் சென்றால் பிழையில்லாத இடத்தில் போய் நிற்போம்.

இவற்றையெல்லாம் கடந்து, எண்ண வேண்டிய எழுத்துக்களைக் குறிக்கும் இடத்துக்கு வந்தோம். சதுர அடைப்புக்குள் இரண்டு எழுத்தை வைத்து நடுவே சிறுகோடு இட்டால், முன்னதுமுதற் பின்னதுவரை உள்ள எல்லா எழுத்தையும் அது குறிக்கும். ஆறு எழுத்தைத் தனித்தனியே தட்டச் சோம்பி, நெடுங்கணக்கின் கடைசி வரிசையை முழுதும் எடுத்துக்கொள்வோம், வேண்டாதவற்றைப் பின்னர் விலக்குவோம் என்றெண்ணி, [ய-ன] என்று எழுதினோம். ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது நாம் பள்ளியில் ஓதிய வரிசையன்றோ? பொறி உடனே, 'ய-ன என்பது தகாத எல்லை; 1ஆம் இடம்' என்றது.

தகாத எல்லை என்று அது சொன்னதே ஒழிய, ஏன் தகாது என்று யாம் வினவவில்லை. எமக்குள் ஒரு காரணம் உடனே தோன்றிற்று. றகரம் வல்லினம், னகரம் மெல்லினம், இடையினத்தைத் தேடப் புகுந்து அவற்றையும் உடன் சேர்த்ததே குற்றம் என்று கருதினோம். பொறிக்குத் தமிழின் மூவினப் பாகுபாடு தெரியும் என்று நம்பிய எம் பேதைமையை என்னென்பது! னகரத்தை நீக்கி [ய-ள] என்று திருத்தினோம். பொறி வாயடங்கிற்று. சிவந்த வரி மறைந்தது. நொடியில் அட்டவணை வந்தது. இரவு உணவுக்கு மணியடித்தும் எழாமல் அதனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அட்டவணையில் ஆறு வரிசை. யகரம், ரகரம், லகரம், ளகரம் ஆகியவற்றின் எதிரே எண்கள் நிறைந்திருந்தன. வகரத்தின் எதிரே 0. ழகரத்தின் எதிரேயும் 0.

வகரத்துக்கு வியப்பில்லை, வகர மெய்யை ஈறாக உடைய சொற்கள் நான்கே என்று தொல்காப்பியரே வரையறுத்துவிட்டார். ழகரம் எம்மைச் சிறிது தயங்க வைத்தது. ஆயினும் ஐயம் எழுந்த அக்கணமே அதற்கொரு விடையும் எழுந்தது. திருக்குறளில் 'தமிழ்' என்னும் சொல்லே இல்லை என்பது யாவரும் மேடைதோறும் கேட்டறிந்த செய்தி. அச்சொல்லே இல்லாத நூலில் ழகர மெய்யீறு இல்லாதிருப்பது இயல்புதானே என்று தேறினோம். தேறியதோடு நில்லாமல், வள்ளுவர் ழகர மெய்யைச் சீரின் ஈற்றில் நிறுத்த விரும்பாததற்கு ஓசை நயமே காரணம் என்று இரண்டு பக்கம் எழுதினோம். அவ்விரண்டு பக்கமே கட்டுரையில் மிகச் சிறந்த பகுதி என்று மலர்க்குழுவில் ஒருவர் பாராட்டினார். அதனை நினைக்குந்தோறும் இன்றும் செவி சுடுகின்றது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. முதலாண்டு மாணவி ஒருவர், ழகரத்தைப் பற்றித் தாம் எழுதும் பயிற்சிக் கட்டுரைக்கு எம் அட்டவணையைப் பார்க்கலாமா என்று கேட்டார். "எடுத்துக்கொள்ளம்மா, கணிப்பொறியில் எண்ணியது, பிழையிராது" என்று சொல்லிக் கொடுத்தோம்.

கருத்தரங்க நாளன்று யாம் படித்து முடித்தபின் அம்மையார் சிறிதுநேரம் பேசவில்லை. பின்னர் மெல்ல, "38ஆம் அதிகாரத்தின் பெயர் என்ன, தம்பி?" என்று வினவினார்.

"ஊழ், அம்மா" என்றோம்.

சொல்லி வாய் மூடுமுன்னரே எமக்கு விளங்கிவிட்டது. அவையில் இருந்தோருக்கும் விளங்கிற்று. ஒருவரும் நகைக்கவில்லை, நகைத்திருந்தால் நன்றாயிருக்கும். "372ஆம் குறளை மனத்துக்குள் ஓதிப் பார்" என்றார் அம்மையார். ஓதிப் பார்த்தோம். அவ்வொரு குறளில் மட்டும் ழகர மெய்யில் முடியும் சீர் இரண்டு உள்ளன. குறள்களைப் பள்ளிநாள் முதல் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு பெற்றவர் யாம். எம் நாவில் இருந்த நூலை விடுத்துத் திரையில் இருந்த 0ஐ நம்பினோம்.

அன்றிரவே அண்ணனின் அறைக்கதவைத் தட்டினோம். அவர் எம் சூத்திரத்தைப் பார்த்தார். பின்னர் யூனிகோடு எழுத்தட்டவணையை எடுத்துக் காட்டினார். அதில் ய, ர, ற, ல, ள, ழ, வ என்றிருந்தது வரிசை. னகரமோ நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னரே அமர்ந்திருந்தது. இந்திய எழுத்துக்கள் யாவற்றையும் ஒரே வாய்பாட்டில் நிறுத்திய இஸ்கி என்னும் தரத்தைப் பின்பற்றி, 1991இல் வெளிவந்த முதல் யூனிகோட்டில் தமிழும் வைக்கப்பட்டதாம். தேவநாகரியில் எந்த எழுத்து எந்த இடமோ அதற்கு நேர் தமிழுக்கும் அந்த இடம். தமிழின் சிறப்பெழுத்துக்களாகிய ன, ற, ழ மூன்றும் ந, ர, ள ஆகியவற்றின் அருகே ஒட்டி வைக்கப்பட்டன. எனவே பொறியின் கணக்கில் னகரம் யகரத்துக்கு முற்பட்டது. [ய-ன] என்பது பின்னோக்கிச் செல்லும் எல்லை. ஆதலின் தகாத எல்லை. பொறி சொன்னது முற்றும் உண்மை.

[ய-ள] என்பது முன்னோக்கிச் செல்லும் எல்லை. ஆதலின் பொறிக்குக் குற்றமில்லை. ஆனால் அதனுள் அடங்குவன ய, ர, ற, ல, ள என்னும் ஐந்தே. வகரமும் ழகரமும் வெளியே நின்றுவிட்டன. இடையினமல்லாத றகரம் உள்ளே புகுந்துவிட்டது. சொல்லின் ஈற்று மெய் வல்லினத்தின் முன் றகரமாய்த் திரிவதுண்டு ஆதலால் றகர மெய்யில் முடியும் சீர்கள் குறளில் உள்ளன; 380ஆம் குறளின் முதற்சீரே அத்தகையது. பொறி அவற்றையும் திரட்டித் தந்திருக்கின்றது. எம் அட்டவணையில் றகரத்துக்கு வரிசை இல்லாமையால் அவை எங்கும் எண்ணப்படாமல் உதிர்ந்துபோயின. திரட்டியவற்றின் மொத்தத்தையும் ஆறு வரிசைகளின் கூட்டுத்தொகையையும் ஒருமுறை ஒப்பிட்டிருந்தால் இரண்டும் வேறுபடுவது தெரிந்திருக்கும். கூட்டிப் பார்க்கவில்லை.

"சிண்டாக்ஸ் பிழை வந்தபோது நீ செய்தது என்ன, தம்பி?" என்று கேட்டார் அண்ணன். மாற்றி எழுதினேன் என்றோம். "பிழையைத் திருத்தவில்லை, பிழைச்செய்தியை நிறுத்தினாய். அது நல்ல நண்பனாய் உன்னை வாயிலிலேயே தடுத்தது. நீ அதனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாய்" என்றார்.

எம் முகவாட்டத்தைக் கண்டு அவர் ஒரு செய்தியும் கூறினார். 2019ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் கிளவுட்ஃபிளேர் என்னும் பெரிய இணைய நிறுவனம், தன் பாதுகாப்பு விதிகளுள் புதிதாக ஒரு சூத்திரத்தைச் சேர்த்தது. அதில் தொடர்ப்பிழை ஏதுமில்லை. ஆனால் மீட்டற்குறிகள் ஒன்றையொன்று தொடர்ந்து வந்தமையால், பொறி ஒவ்வொரு தேடலுக்கும் எண்ணிறந்த வழிகளை முன்னும் பின்னுமாய்ச் சென்று முயலவேண்டியதாயிற்று. உலகெங்கும் இருந்த அந்நிறுவனத்தின் கணிப்பொறிகள் அவ்வொரு வேலையிலேயே மூச்சுத் திணறின. 27 நிமிடம் எத்தனையோ இணையதளங்கள் திறவாமல் நின்றன. பொறி ஏற்றுக்கொண்ட சூத்திரமே அத்தனையும் செய்தது. பெரியோருக்கும் நேர்ந்தது என்பதில் எமக்குச் சிறிது ஆறுதல் பிறந்ததென்பதை ஒப்புக்கொள்கின்றோம். அம்முதலாண்டு மாணவிக்கு அஃது ஆறுதலாகாது என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தது.

அண்ணனிடம் அன்றிரவு யாம் கற்றவற்றுள் சிலவற்றை, இத்தொழிலில் இறங்கும் எம் துறை மாணவர் பொருட்டுச் சொல்லிவைப்போம். அடைப்பைத் திறக்கும்போதே மூடும் அடைப்பையும் இட்டுவிட்டுப் பின்னர் இடையில் எழுதுக. மூடும் வளைவடைப்பு ஒன்று மிகுந்தால் பொறி கடிந்துகொள்ளும். மூடும் சதுர அடைப்பு தனித்து நின்றாலோ, அதனை வெறும் எழுத்தாகக் கொண்டு பேசாமலிருந்துவிடும். ஆதலின் பின்னதில் விழிப்பு மிகுதியும் வேண்டும். நூலில் உள்ளதொரு தொடரை உள்ளவாறே தேடவேண்டுமாயின், அதனுள் இருக்கும் சிறப்புக் குறிகளுக்கெல்லாம் பின்சாய்கோடு இட்டுத்தரும் 'எஸ்கேப்' என்னும் செயலி பைத்தானிலேயே இருக்கின்றது. கையால் இடப் புகுந்து ஒன்றை மறப்பானேன்? சூத்திரம் நீண்டால் 'வெர்போஸ்' என்னும் முறையை மேற்கொள்க. அம்முறையில் சூத்திரத்தை உறுப்பு உறுப்பாக வரிபிரித்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே உரை எழுதிவைக்கலாம். மூலமும் உரையுமாய்ப் படித்துப் பழகிய நமக்கு இதனினும் உவப்பான முறை வேறு இராது. வெற்றிடம் அம்முறையில் பொருளற்றதாகிவிடும் என்பதை மட்டும் மறவற்க. இடைவெளியைத் தேடுவோர் அதற்கும் பின்சாய்கோடு இடவேண்டும்.

எழுத்தெல்லையைக் குறிக்கும் சிறுகோட்டைத் தமிழில் ஆளவே வேண்டா என்பது எம் துணிபு. அண்ணன் இவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை, யாம் சொல்லுகின்றோம். [யரலவழள] என்று ஆறு எழுத்தையும் எழுதிவிட்டால் எந்த வரிசையும் நம்மை ஏமாற்ற இயலாது. ஆறு எழுத்தைத் தட்டச் சோம்பியதற்கு யாம் கொடுத்த விலை முன்னரே சொல்லப்பட்டது. இவ்வாறே, சொல்லெழுத்து எதனையும் குறிக்கும் என்று ஆங்கில நூல்கள் கூறும் 'டபிள்யூ' குறியையும் தமிழில் நம்பவேண்டா. பைத்தானோடு வரும் சூத்திரப்பொறி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. அக்குறியால் 'வாழ்க்கை'யைத் தேடினால் வ, ழ, க, க என்று நாலு துண்டாக்கிக் கையில் தரும். 'ரெஜெக்ஸ்' என்றே பெயரிய தனித்தொகுப்பு ஒன்றை நிறுவிக்கொண்டால் இக்குறை நீங்கும். இங்கும் சிவந்த வரி ஒன்றும் வராது என்பதைக் காண்க.

எல்லாவற்றினும் எமக்குப் பயன்பட்டது ஒன்று. சூத்திரத்தை நூலின்மேல் ஏவுமுன், விடை தெரிந்த பத்துச் சொற்களின்மேல் ஏவிப் பார்க்கவேண்டும். அகப்பட வேண்டியவை ஐந்து, அகப்படக் கூடாதவை ஐந்து. அன்றிரவு எம் பழைய சூத்திரத்தை அவ்வாறு சோதித்தோம். தாய், ஊர், கல், தெவ், ஊழ், வாள் என்று வரிசையாகக் கொடுத்தோம். நான்கை ஏற்றுக்கொண்டு தெவ்வையும் ஊழையும் விட்டுவிட்டது. ஒரு நிமிடமும் ஆகவில்லை.

மறுநாட் காலை மலர்க்குழுவினரிடம் சென்று கட்டுரையைத் திரும்பக் கேட்டோம். பின்னர் அம்மாணவியைத் தேடிச் சென்றோம். அவர் கட்டுரையை ஒப்படைத்து நான்கு நாள் ஆகியிருந்தது, மதிப்பெண்ணும் வந்திருந்தது. ழகரத்தைப் பற்றிய பகுதி முழுதும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. "நானும் ஊழை நினைத்தேன் அண்ணா. ஆனால் நீங்கள் கணிப்பொறியில் எண்ணியது என்றீர்களே என்று விட்டுவிட்டேன்" என்றார். யாம் அம்மையாரிடம் சென்று, பிழை எம்முடையது, அம்மாணவியினுடையது அன்று என்று எழுதிக் கொடுத்தோம். அம்மையார் அதனைப் படித்து மேசைமேல் வைத்துக்கொண்டார். மதிப்பெண் மாறிற்றா என்று கேட்க எமக்கு வாய் வரவில்லை.

புதிய சூத்திரத்தால் எண்ணிய அட்டவணை இப்போது எம்மிடம் இருக்கின்றது. இம்முறை மொத்தமும் கூட்டுத்தொகையும் ஒத்திருக்கின்றன. ழகர வரிசையில் 0 போய் எண் வந்து அமர்ந்துவிட்டது. திருத்திய கட்டுரையை அடுத்த பருவத்தில் படிக்க அம்மையார் இசைந்துள்ளார். அட்டவணைக்கு மேலே சூத்திரத்தையும் எழுதவேண்டும் என்பது அவர் இட்ட கட்டளை. வகர வரிசையை மட்டும் யாம் இன்னும் நிரப்பவில்லை. பொறி தந்த விடை ஒன்று இருக்கத்தான் செய்கின்றது. ஆயினும் அச்சிட்ட குறளை விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலும் தாளுமாகச் சீர் சீராகப் பார்த்து வருகின்றோம். நேற்றிரவு 71ஆம் அதிகாரம் முடிந்தது.